டி, டு, டே, டோ: அரிய பெயர்கள் ஏன் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன?

தங்கைக்குப் பெண் பிறந்த மூன்றாம் நாள் அப்பா ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு துண்டுச் சீட்டு. ஆயில்ய நட்சத்திரம், கடக ராசி என்று எழுதி, அதற்குக் கீழே பெயர் தொடங்க வேண்டிய எழுத்துகளை ஜோசியர் குறித்திருந்தார்: டி, டு, டே, டோ. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். "பிறந்து முழுசாக மூன்று நாள் ஆகவில்லை. அதற்குள் என் பேத்தியை 'டீ' போட்டுக் கூப்பிடச் சொல்கிறாரா?" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்ற பழிச்சொல் வேறு இருக்கிறது. நல்லவேளை, அன்றைக்கு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறார். சீட்டைப் படம்பிடித்து அனுப்பிய அன்று இரவே அவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. மொத்தம் நாற்பத்தொரு பெயர்கள். டினிஷா, டிவிஷா, டிக்ஷிதா, டிரிஷிகா என்று போனது. தங்கைக்கு ஒரே நிபந்தனைதான்: "அண்ணா, இவள் படிக்கப்போகிற வகுப்பில் இதே பெயரில் இன்னொருத்தி இருக்கக் கூடாது." நான் பட்டியலை உரக்கப் படித்தேன். நாற்பத்தொன்றும் வெவ்வேறு பெயர்கள்தான். ஆனாலும் பத்தாவதுக்கு வருவதற்குள் முதலாவது மறந்துவிட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல எல்லாவற்றுக்கும் ஒரே முகச்சாடை.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஆங்கில வழிப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் இந்தச் சாடை தெரியும். தன்ஷிகா, தர்ஷிகா, ஹர்ஷிகா, வர்ஷிகா, யாஷிகா. ஒவ்வொரு வீட்டிலும் இதுவரை யாரும் வைக்காத பெயர் என்றுதான் தேடியிருப்பார்கள். தேடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே சல்லடைகளில் சலிக்கிறார்கள், அதனால் எல்லோர் கையிலும் ஒரே மாவு மிஞ்சுகிறது.

முதல் சல்லடை நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து, ஆக 108. பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் இந்த அட்டவணை இருக்கும். தமிழில் அச்சாகியிருந்தாலும் இது வடமொழி ஒலிகளைக் கணக்கில் கொண்டு போட்ட அட்டவணை. தமிழ்ச் சொல் ட என்ற எழுத்தில் தொடங்காது. ர, ல ஆகியவையும் அப்படியே. தொல்காப்பியம் வகுத்த மொழிமுதல் எழுத்துகளில் இவற்றுக்கு இடமில்லை. இராமன், இலட்சுமி என்று முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து எழுதியது அதனால்தான். அப்படியானால் ஆயில்யத்தில் பிறந்த பெண்ணுக்கு, எழுத்துப் பார்த்து வைக்கத் தமிழில் பெயரே கிடையாது. பரணியில் பிறந்தவளுக்கு லி, லு, லே, லோ. சுவாதியில் முதல் மூன்று பாதங்களுக்கு ரு, ரே, ரோ. அவர்களுக்கும் இதே கதி.

சரி, வடமொழிக்குப் போனால் கிடைக்குமா? அங்கேயும் ட வரிசையில் பெண்ணுக்கு வைக்கத்தக்க சொற்கள் சொற்பம். பெற்றோர் வேறு வழியில்லாமல் புனைகிறார்கள். டினிஷாவும் டிவிஷாவும் அப்படிப் பிறந்தவை. யாழ்ப்பாணத்தார் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு தலைமுறை மூத்தவர்கள். டிலானி, டிலக்சனா, நிரோஜினி என்றெல்லாம் அவர்கள் எப்போதோ துணிந்துவிட்டார்கள்.

அட்டவணையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். திருவாதிரைக்கு உரிய எழுத்துகளில் ஒன்று ங. அஸ்தத்துக்கு உரியவற்றில் ஒன்று ண. ங-வில் தொடங்கும் பெயரை யார் வைப்பது? அந்தப் பாதத்தில் குழந்தை பிறந்தால் ஜோசியரே பக்கத்து எழுத்துக்குத் தாண்டிவிடுவார். இன்னொன்று, வடமொழியில் மூன்று தனித்தனி ஒலிகளாக இருப்பவை தமிழில் ஒரே த-வாக அச்சாகின்றன. அதனால் சுவாதியின் கடைசிப் பாதத்துக்கும் த, பூராடத்தில் ஒரு பாதத்துக்கும் த, பூரட்டாதியில் ஒரு பாதத்துக்கும் த. தமிழில் அச்சடித்த அன்றே அட்டவணையின் நுட்பம் பாதி கரைந்துபோனது. ஆனாலும் அந்த ஓர் எழுத்துக்காக வீட்டில் நடக்கிற பஞ்சாயத்து குறைவதில்லை.

இரண்டாவது சல்லடை எண் கணிதம். பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டும் இந்த முறை, கீரோ என்ற அயர்லாந்துக்காரரின் புத்தகங்கள் வழியாகப் பரவி, இங்கே நம்முடைய நவக்கிரகங்களோடு சம்பந்தம் செய்துகொண்டது. கயல் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாட்டிலிருந்து நேராக எழுந்து வந்த சொல். கே-க்கு 2, ஏ-க்கு 1, ஒய்-க்கு 1, மறுபடி ஏ-க்கு 1, எல்-லுக்கு 3. கூட்டினால் 8. எட்டு சனியின் எண் என்பதால் வீட்டில் முகம் சுருங்கிவிடும். பரிகாரம் எளிது: ஓர் ஏ-யைச் சேர்த்தால் 9, செவ்வாய். ஆனால் அந்த ஏ-யை முதல் ஏ-யின் பக்கத்தில் வைத்துவிட்டால் ஆங்கிலத்தில் படிக்கிறவர் "காயல்" என்றுதான் படிப்பார். பெண்ணுக்கு மீன் என்று பெயர் வைக்கப் போய், பள்ளிக்கூடத்தில் உப்பங்கழி என்று கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் தமிழில் எழுதும்போது பெயர் துளியும் மாறவில்லை. தமிழ்ப் பெண்ணின் தலையெழுத்தை மாற்றவல்லது ஆங்கில எழுத்து மட்டுமே என்று நம்மவர்கள் எப்போது முடிவு செய்தார்களோ!

மூன்றாவது சல்லடை பெயரின் வால். இன்றைய காதுக்குப் பெண் பெயர் என்றால் ஆ-வில் முடிய வேண்டும். பழைய தமிழ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. வடமொழி ஆ-வை ஐ ஆக்கித் தன்னுடையதாக்கிக் கொண்டது: சீதா சீதை ஆனாள், ராதா ராதை ஆனாள், கங்கா கங்கை ஆனது. கோதை, மணிமேகலை, ஆதிரை எல்லாம் அந்த ஓசைதான். இப்போது ஆதிரை என்றால் பழசு, ஆதிரா என்றால் புதுசு. இந்த ஆ-வுக்கு முன்னால் ஷ், க்ஷ், த்ய, ஷ்க என்று நாக்குக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும் ஒலி ஒன்று இருந்தால் அதற்கு மதிப்பு கூடுகிறது. கடினமாக இருப்பதே அரிதாக இருப்பதற்கு அத்தாட்சி என்று எண்ணம்.

ஓசை பிடித்துவிட்டால் பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது. கனிஷ்கா என்ற பெயரில் நமக்குத் தெரிந்த வீடுகளிலேயே பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். கனி என்று தொடங்குகிறது, ஆ என்று முடிகிறது, கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் கனிஷ்கர் வடமேற்கு இந்தியாவை ஆண்ட குஷாண மன்னர். தாடியும் நீண்ட அங்கியும் கையில் ஈட்டியுமாக நாணயத்தில் நிற்பவர். அனாமிகா என்பது அழகான சொல். பெயரில்லாதவள் என்று பொருள். வடமொழியில் மோதிர விரலுக்கு அதுவே பெயர். அரிய பெயர் வேண்டும் என்று மாதக்கணக்கில் தேடி, கடைசியில் பெயரில்லாதவள் என்று வைப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. தெரிந்தே வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

இப்படித் தலையையும் வாலையும் ஒட்டிப் பெயர் செய்வதை இந்தத் தலைமுறையின் குற்றம் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை. சங்ககாலத்திலேயே ஒட்டு இருந்தது. நச்செள்ளை, நப்பசலை, நப்பின்னை, நக்கீரன். எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற ந, நல்ல என்ற சிறப்பைக் குறிக்கும் ஒட்டு. அன்றைய ஸ்ரீ என்று வைத்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார் காலத்தில் அம்மாள், ஆயி, வல்லி. அம்மாக்கள் காலத்தில் குமாரி, ராணி, மாலா, கலா. 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதன் பின்வந்த திராவிட இயக்கமும் மொழி, விழி, செல்வி, அரசி என்று வேறொரு வால் வரிசையைக் கொடுத்தன. ஒரு பெண்ணின் பெயர்க்கடைசியைப் பார்த்து அவள் பிறந்த ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஷிகாக்களுக்கும் நாளைக்கு அந்த நிலைதான்.

நீளமான, அலங்காரமான பெயருக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. முதலாம் ராஜராஜனின் பட்டத்தரசி லோகமாதேவிக்கு இன்னொரு பெயர் தந்திசக்தி விடங்கி. அதே ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, அழைத்துவந்து குடிவைத்தான். ஒவ்வொருத்தியின் பெயரையும் ஊரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் கோயில் சுவரில் வெட்டிவைத்திருக்கிறான். சேரமங்கை, சோழகுலசுந்தரி என்று வரும் அந்த வரிசையில் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். கூத்தப்பெருமான் தூக்கிய திருவடி. ஆடும் பெண்ணுக்கு எப்படிப்பட்ட பெயர்! ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் மற்றொருத்தியோடு குழம்பாத பெயர்.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் ஏன் பழைய பெயர்களின் பக்கம் திரும்புவதில்லை? நாகரிக மோகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள், அந்தப் பெயர்களோடு வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இசக்கியம்மாள் என்றால் நெல்லை, குமரிப் பக்கம் என்று தெரிந்துவிடும். பேச்சி, காத்தாயி, கருப்பாயி என்றால் ஊரும் குலதெய்வமும் தெரியும். அதற்கு மேல் சாதியையும் கணக்குப் போட்டுவிடுவார்கள். நேர்முகத் தேர்வில், விடுதியில், வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில், பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள், மகளுக்கு எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு பெயரைத் தேடுகிறார்கள். தர்ஷிகா எந்த ஊர், என்ன குலம்? சொல்ல முடியாது. பொருளற்ற பெயர் என்று நாம் கேலி செய்வது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

இன்னொரு பழைய வழக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தென்மாவட்டங்களில் போதும்பொண்ணு என்று பெயர் கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்களுக்கு வேண்டாம் என்றே பெயர் வைத்துவந்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் நாளிதழ்களில் வந்தது. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலை இந்தப் பிள்ளையின் தலையில் எழுதி, ஆயுள் முழுக்க அவளையே சுமக்க வைத்த பெயர்கள் அவை. குப்பம்மாள், பிச்சையம்மாள் வேறு கணக்கு. முன்பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று மறைத்து வைத்தவை. பெண் பிறந்ததற்காக இரவெல்லாம் விழித்திருந்து நாற்பத்தொரு பெயர் தேடி அனுப்புகிற தகப்பனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்வேன்.

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி பெயர்த்தி. ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த வீட்டில், அந்தப் பெயரோடு ஒரு குழந்தை தவழ்ந்தால் தாய் அதை எப்படி அழைப்பாள், எப்படித் திட்டுவாள்? அதனால்தான் பாப்பா, அம்மு, குட்டி என்று கூப்பிடு பெயர் ஒன்று கூடவே வந்தது. பதிவேட்டுப் பெயர் பதிவேட்டோடு நின்றது. இன்றைக்கும் பெயர் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் வீட்டில் அம்முதான். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டெடுத்த பெயரை ஆசிரியர் மட்டும்தான் முழுதாகச் சொல்கிறார்.

காகிதத்தில்தான் கஷ்டம். தக்ஷிதா என்ற பெயரைத் தமிழில் தக்ஷிதா, தட்சிதா, தக்சிதா என்று எப்படியும் எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகிவிட்டால், அவள் கல்லூரியில் சேரும்போது மூவரும் ஒருத்தியே என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். தூய தமிழ்ப் பெயர்களுக்கு ழ ஒரு சோதனை. இசட், எச் இரண்டையும் சேர்த்து எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. விந்தியத்துக்கு வடக்கே அதை ஜ என்று வாசிப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டு ஊரில் ஓட்டிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியவுடன் அயல்நாட்டில் நான்கு வயதுப் பெண்ணை அப்பன் பெயரைச் சொல்லி மிஸ் ராமலிங்கம் என்று கூப்பிடுகிறார்கள். விரிக்காமல் ஒற்றைப் பெயராக விட்டால் அதற்கும் இடைஞ்சல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி. "மச்சான், பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்ப வேண்டும்" என்றார்.

சட்டம் இதில் நிதானமாகவே இருக்கிறது. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர்க் கட்டத்தை அப்போதே நிரப்ப வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணத்தோடு, பதினைந்து ஆண்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்த்த பிறகு மனம் மாறினால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று ஆகியிருப்பதால், அந்தக் கட்டத்தில் எழுதுகிற எழுத்துக்குக் கனம் கூடியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கட்டம் பத்து மாதம் காலியாகக் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் தொட்டிலில் இட்டபோது காதில் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே என்று அத்தை முறைக்காரி குலதெய்வத்தின் பெயரை மூன்று முறை சொன்னார். அதோடு சரி. பதினோராம் மாதம் மாப்பிள்ளை விடுமுறையில் வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாக வேதாரண்யம் கோயிலுக்குப் போனோம். அங்கே அம்மனின் பெயர் யாழைப் பழித்த மென்மொழியாள். அவள் குரலுக்கு முன் தன் வீணை தோற்றது என்று சரஸ்வதி வீணையை விட்டுவிட்டாளாம். அந்தக் கோயிலில் சரஸ்வதி கையில் வீணை இல்லை, சுவடிதான் இருக்கிறது. நாங்கள் சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை போய் நின்ற சன்னதி. அன்றைக்குத்தான் தங்கை பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மென்மொழி என்று வைத்தால் என்ன?" என்றாள்.

மாப்பிள்ளை செல்பேசியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். எம் 4, இ 5, என் 5, எம் 4, ஓ 7, இசட் 7, எச் 5, ஐ 1. முப்பத்தெட்டு. மூன்றும் எட்டும் பதினொன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டு சந்திரனின் எண், கடக ராசிக்கு அதிபதியும் சந்திரன். "பொருத்தம் பிரமாதம்" என்று அவர் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. டி, டு, டே, டோ சீட்டு அப்பாவின் பஞ்சாங்கத்துக்குள் மடித்தபடி இருக்கிறது. மறுவாரம் நகராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்தோம். மென்-னுக்கு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று கேட்டு எழுதினார் எழுத்தர்.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. செருப்பைப் போட்டுக்கொண்டு அதுபாட்டுக்குத் தெருவுக்கு ஓடுகிறது. பின்னாலேயே அம்மா ஓடுகிறார்: "அடியே, நில்லுடீ!"